ஊட்டிப் பனியும் சிந்தசைசரும்: பிரிட்டிஷ் நியூ வேவ் மலையேறிய கதை

1976-ஆம் ஆண்டில் மூன்று விஷயங்கள் நடந்தன. அப்போது அவற்றுக்குள் ஒரு தொடர்பும் கிடையாது.

ஒன்று, லண்டனில் பங்க் இசை வெடித்தது. கிழிந்த சட்டையில் ஊக்கு குத்திக்கொண்ட இளைஞர்கள், நாலு கார்டு தெரிந்தால் போதும், பேண்ட் ஆரம்பித்துவிடலாம் என்று கிளம்பினார்கள். இரண்டு, சென்னையில் 'அன்னக்கிளி' வெளிவந்தது. பண்ணைப்புரத்திலிருந்து வந்த ஒருவரை இளையராஜா என்ற பெயரில் தமிழ்நாடு தெரிந்துகொண்டது. மூன்று, அதே ஆண்டு செப்டம்பரில் ஆர்.கே.சேகர் என்ற திரையிசைக் கலைஞர் சென்னையில் காலமானார். அவருடைய மகன் திலீப்புக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா விட்டுப்போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் பிழைத்தது. அந்தத் திலீப்தான் பின்னாளில் ஏ.ஆர்.ரஹ்மான்.

இந்த மூன்று கோடுகளும் 1980-களில் ஒரு இடத்தை நோக்கி வந்தன. அந்த இடம் நீலகிரி மலை. பிரிட்டிஷ்காரர்கள் தங்களுக்காக உருவாக்கிக்கொண்ட மலைவாசஸ்தலத்துக்கு, அவர்கள் போன பிறகு, அவர்கள் ஊர் இசை எப்படி வந்து சேர்ந்தது? கப்பலில் வரவில்லை, கிளப்பில் வரவில்லை. கோடம்பாக்கம் வழியாகச் சுற்றிக்கொண்டு, கேசட்டில் வந்தது. அதுதான் இந்தக் கதை.

நியூ வேவ் என்றால் என்ன?

'புதிய அலை' என்றதும் தமிழில் பலருக்கும் சினிமாதான் நினைவுக்கு வரும். இது இசையில் வந்த புதிய அலை. பங்க் இசையின் கோபம் இரண்டு வருடத்தில் களைத்துப் போனது. ஆனால் அது திறந்துவிட்ட கதவு மூடவில்லை. முறையாகப் பயிலாதவரும் பாட்டு போடலாம் என்ற தைரியம் மட்டும் பாக்கி இருந்தது. அந்தத் தைரியத்தோடு 1978 முதல் சுமார் 1985 வரை பிரிட்டனில் வந்த பலவகைப் பாப் இசைக்குத்தான் நியூ வேவ் என்று பெயர்.

அதில் இரண்டு கிளைகள். ஒரு கிளை கிடாரை வைத்துக்கொண்டது. எல்விஸ் காஸ்டெல்லோ, எக்ஸ்டிசி, தி போலீஸ் எல்லாம் இந்தப் பக்கம். இன்னொரு கிளை கிடாரைக் கீழே வைத்துவிட்டு சிந்தசைசரைக் கையில் எடுத்தது. ரசிகர்கள் இன்றைக்கும் பிரியத்தோடு நினைவுவைத்திருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது கிளையைத்தான்.

கேரி நியூமன் கதை இதற்கு நல்ல உதாரணம். பங்க் ஆல்பம் ஒன்றைப் பதிவு செய்யத்தான் அவர் ஸ்டூடியோவுக்குப் போனார். வேறு யாரோ பயன்படுத்திய மினிமூக் சிந்தசைசர் ஒன்று அங்கே இருந்தது. சும்மா ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தார். அறையே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம்! அவ்வளவுதான், அவர் பாதை மாறிவிட்டது. 1979-இல் அவருடைய டியூப்வே ஆர்மி பிரிட்டனில் முதல் இடத்துக்கு வந்து நான்கு வாரம் அங்கேயே இருந்தது.

லிவர்பூல் பக்கத்துப் பையன்கள் இருவர் ஓஎம்டி என்ற குழுவை ஆரம்பித்தார்கள். அவர்களுடைய சிந்தசைசர் அம்மாவின் தபால் கேட்டலாக்கைப் பார்த்து வாரத் தவணையில் வாங்கியது. பேசில்டன் என்ற சாதாரண ஊரிலிருந்து டெப்பீச் மோட் வந்தது. இரும்பு ஆலைகளின் ஊரான ஷெஃபீல்டிலிருந்து ஹியூமன் லீக் வந்தது. அதன் பாடகர் ஃபில் ஓக்கி அதற்கு முன் ஆஸ்பத்திரியில் போர்ட்டராக வேலை பார்த்தவர். குழுவில் சேர்ந்த இரண்டு பெண்களும் பள்ளி மாணவிகள். ஒரு நைட்கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தபோது பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள். 1981 அக்டோபரில் வந்த அவர்களுடைய 'டேர்' ஆல்பத்தில் தாளம் முழுக்க டிரம் மெஷின், மற்றதெல்லாம் சிந்தசைசர். அந்தக் கிறிஸ்துமஸுக்கு பிரிட்டனின் முதலிடப் பாட்டு அவர்களுடையது.

அது எப்படிப்பட்ட காலம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1982 ஜனவரியில் பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. ஆலைகள் மூடப்பட்டன. வேலை கிடைக்காத ஊர்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மலிவான ஒரு பெட்டி கிடைத்தது. அதில் ஒரு விரலால் வாசித்தால்கூட ஒரு உலகம் பிறந்தது. பாட்டின் மேல்பூச்சு பளபளப்பாக இருக்கும். உள்ளே ஒரு குளிர், ஒரு தனிமை இருக்கும். நியூ வேவின் அழகே அதுதான்.

வரவேண்டிய வழியில் வரவில்லை

பிரிட்டிஷ் இசை இந்தியாவில் எங்காவது சுலபமாகக் குடியேற வேண்டுமென்றால் அது நீலகிரியாகத்தான் இருந்திருக்க வேண்டும். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் இந்த மலைக்கு ஏறினார். பிறகு உதகையில் கல் பங்களா கட்டினார். அதைத் தொடர்ந்து சர்ச்சுகள், கிளப்புகள், லவ்டேல் லாரன்ஸ் பள்ளி, வெல்லிங்டன் ராணுவக் குடியிருப்பு எல்லாம் வந்தன. 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் ரயில் வந்தது. சர்ச்சில் பாடல் குழு, பங்களாவில் பியானோ, வெல்லிங்டனில் ராணுவ பேண்ட், கிளப்பில் சனிக்கிழமை நடனம் என்று நூறு வருடத்துக்கு மேல் மலையில் ஆங்கில இசை கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆனால் 1947-க்குப் பிறகு தோட்டத் துரைமார்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். எஸ்டேட்டுகள் இந்தியர் கைக்கு வந்தன. நியூ வேவ் பிறந்தபோது, அதைக் கொண்டுவர மலையில் ஆள் இல்லை.

வேறு வழிகளும் அடைத்திருந்தன. வெளிநாட்டு இசைத்தட்டுகளும் கருவிகளும் கிடைப்பது குதிரைக்கொம்பு. கப்பலில் வேலை செய்பவர்களோ சிங்கப்பூர் போய்வந்தவர்களோ கொண்டுவந்தால் உண்டு. பிரிட்டிஷ் பாடல் வீடியோக்களை உலகத்துக்குக் காட்டிய எம்டிவி 1981 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்காவில் தொடங்கியது. முதலில் ஒளிபரப்பானது பகிள்ஸ் என்ற பிரிட்டிஷ் நியூ வேவ் ஜோடியின் பாட்டு. இந்தியாவிலோ 1991-இல் ஸ்டார் டிவி வரும்வரை தூர்தர்ஷனைத் தவிர வேறு சேனல் கிடையாது.

இரண்டு தடவை நியூ வேவ் நம்மை உரசிக்கொண்டு போனது. 1980 மார்ச்சில் தி போலீஸ் குழு பம்பாய் வந்து ரங் பவன் திறந்தவெளி அரங்கில் வாசித்தது. 1982-இல் டியூரன் டியூரன் குழு இலங்கைக்கு வந்து, சிகிரியாவிலும் பொலன்னறுவையிலும் தங்கள் பாட்டு வீடியோக்களை எடுத்துக்கொண்டு போனது. யானையும் பாறையும் கடற்கரையுமாக அந்த வீடியோக்கள் மேற்கு நாடுகளில் சக்கைப்போடு போட்டன. அடுத்த வருடம் ஜூலையில் அந்தத் தீவு பற்றி எரிந்தது. வீடியோவில் பார்த்த இலங்கைக்கும் அங்கே வாழ்ந்த தமிழர்களின் இலங்கைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பம்பாயிலிருந்தும் சிகிரியாவிலிருந்தும் அந்தச் சத்தம் நீலகிரிக்கு வரவில்லை. வந்தது வேறு வழியில்.

தட்டு வரவில்லை, பெட்டி வந்தது

கோடம்பாக்கம் ஸ்டூடியோக்களில் 1970-களின் கடைசியிலிருந்தே எலக்ட்ரானிக் கீபோர்டுகள் நுழைய ஆரம்பித்தன. இளையராஜாவுக்கு மேற்கத்திய இசை புதிதல்ல. தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கற்றவர். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிகல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர். அவருடைய குழுவில் கீபோர்டுக்கு விஜி மானுவேல், கிடாருக்கு சதானந்தம், பேஸ் கிடாருக்கு சசிதரன், டிரம்ஸுக்கு புருஷோத்தமன் என்று அசுரத் திறமைசாலிகள் இருந்தார்கள். பிறகு திலீப்பும் பள்ளி வயதிலேயே அந்தக் குழுவில் கீபோர்டு வாசிக்க வந்தார்.

1983 முக்கியமான வருடம். யமஹா டிஎக்ஸ்7 அந்த வருடம்தான் சந்தைக்கு வந்தது. வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள மிடி என்ற பொது மொழியும் அதே வருடம் வந்தது. ஒரு கீபோர்டில் அழுத்தினால் இன்னொரு கீபோர்டு வாசிக்கும். சீக்வென்சரில் எழுதிவைத்தால் ஆளே இல்லாமல் எல்லாம் வாசிக்கும். டிஎக்ஸ்7-இன் கண்ணாடி மணி போன்ற சத்தம் லண்டன், நியூயார்க், டோக்கியோ, சென்னை என்று எங்கும் பரவியது. 80-களின் பிற்பகுதித் தமிழ்ப் பாடல்களில் அந்த மணியோசையைத் தாராளமாகக் கேட்கலாம்.

1986 மே மாதம் 'விக்ரம்' வந்தது. சுஜாதாவின் கதை; ஏவுகணை, கம்ப்யூட்டர் என்று தமிழுக்குப் புதிய சமாசாரம். அதன் தலைப்புப் பாடலில் இளையராஜா எலக்ட்ரானிக் தாளத்தையும் சிந்தசைசரையும் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அதே வருடம் தீபாவளிக்கு 'புன்னகை மன்னன்' வந்தது. கமலின் நடனத்துக்கு அமைந்த அதன் தீம் இசையைக் கேட்ட கல்லூரிப் பையன்கள், இது தமிழ்ப் படமா என்று ஆச்சரியப்பட்டார்கள். 1988-இல் வந்த 'அக்னி நட்சத்திரம்' இன்னும் ஒருபடி மேலே போனது. இயந்திரத் தாளம், பி.சி.ஸ்ரீராமின் கூசும் வெளிச்சம், நகரத்து இளைஞர்கள் என்று எல்லாம் சேர்ந்து, அந்தப் படத்தின் பாட்டுக் காட்சிகள் ஒரு பிரிட்டிஷ் பாப் வீடியோவுக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி இருந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷெஃபீல்டும் கோடம்பாக்கமும் ஒரே பெட்டியைத்தான் பயன்படுத்தின. ஆனால் நேர் எதிரான காரணங்களுக்காக! பிரிட்டனில் சிந்தசைசரை எடுத்தவர்கள் பெரும்பாலும் இசை படிக்காதவர்கள். வயலின் வாசிக்கத் தெரியாது, ஆர்கெஸ்ட்ராவுக்குக் காசும் கிடையாது, அதனால் பெட்டி. கோடம்பாக்கத்தில் அதை வாசித்தவர்கள் நொட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் வித்வான்கள். பக்கத்திலேயே நாற்பது வயலின்கள் காத்திருக்கும்போது, அதற்கும் மேலே ஒரு நிறத்துக்காகப் பெட்டியைச் சேர்த்தார்கள். அங்கே அது ஊன்றுகோல். இங்கே அது இன்னொரு கை. அதனால்தான் பிரிட்டிஷ் நியூ வேவில் ஒரு மெட்டு தனியாக நடந்து போகும். 80-களின் தமிழ்ப் பாட்டில் அதே சிந்தசைசருக்குக் கீழே தவிலோ தபேலாவோ ஓடிக்கொண்டிருக்கும், ராகம் வளைந்துகொண்டிருக்கும்.

பனிக்கு ஏற்ற சத்தம்

இனி மலைக்கு வருவோம். 80-களில் தமிழ் சினிமாவுக்கு மனசு கனத்தால் ஊட்டிக்குப் போய்விடும். பாலு மகேந்திராவின் 'மூடுபனி' 1980-இல் வந்தது. இளையராஜாவுக்கு அது நூறாவது படம். 1982-இல் 'மூன்றாம் பிறை'. கேத்தி கிராமம், சின்ன ரயில் நிலையம், மழை, பனி. இந்த ஒரே படத்தில் கண்ணதாசன் கடைசியாக எழுதிய தாலாட்டும் இருக்கிறது, துடிக்கும் பேஸ் கிடாரோடு சில்க் ஸ்மிதா ஆடும் டான்ஸ் பாட்டும் இருக்கிறது. 1989-இல் மணிரத்னம் தெலுங்கில் எடுத்து, தமிழில் 'இதயத்தை திருடாதே' என்று வந்த படத்தின் பெரும்பகுதி ஊட்டிதான். சாகப் போகிற இருவர் பனிக்குள் ஓடிப் பிடித்து விளையாடினார்கள்.

பனிக்கும் சிந்தசைசருக்கும் அப்படி என்ன பொருத்தம்? அது கருவி வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

சிந்தசைசரில் கம்பியும் இல்லை, காற்றும் இல்லை. ஆசிலேட்டர் என்ற மின்சுற்று அதிர்கிறது. நொடிக்கு 440 முறை அதிர்ந்தால் மேற்கத்திய இசையில் 'ஏ' என்ற சுரம். ஃபில்டர் என்ற அடுத்த பகுதி அதன் கூர்மையைச் சீவி மழுமழுப்பாக்கும். என்வலப் என்ற மூன்றாவது பகுதி, சத்தம் எவ்வளவு மெதுவாக எழ வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எவ்வளவு மெதுவாக மறைய வேண்டும் என்று தீர்மானிக்கும். வயலினில் வில் ஒரு முனைக்குப் போனால் திரும்பியாக வேண்டும். புல்லாங்குழலில் மூச்சு தீரும். சிந்தசைசருக்கு அந்தக் கவலையே இல்லை. எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று தெரியாத ஒரு சத்தத்தை அதனால் நிறுத்தி வைக்க முடியும். கீபோர்டுக்காரர்கள் அதை 'பேட்' என்பார்கள்.

பனியும் அப்படித்தானே? எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. தேயிலைச் சரிவில் மேகம் இறங்கும் காட்சிக்கு ஒரு இசையமைப்பாளர் அந்தச் சத்தத்தைத் தேடிப் போனதில் ஆச்சரியமில்லை. மான்செஸ்டர் மழைக்கும் ஷெஃபீல்டு புகைக்கும் பொருந்திய அதே குளிர் இங்கேயும் பொருந்தியது.

அந்தப் பாட்டுகள் மலையில் இருந்தவர்களிடம் போய்ச் சேர்ந்த விதம்தான் சுவாரஸ்யம். 80-கள் கேசட்டின் காலம். ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் 60 நிமிட, 90 நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார்கள். ஊட்டிக்கு வரும் சுற்றுலா வேன்கள் பாட்டைப் போட்டுக்கொண்டே கொண்டை ஊசி வளைவுகளில் ஏறின. டீக்கடையில் டேப் ரெக்கார்டர் ஓடியது. எஸ்டேட் லைன் வீடுகளின் மாரியம்மன் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கர் கட்டினால், பக்திப் பாட்டு முடிந்ததும் இளையராஜாதான்.

அந்த லைன் வீடுகளில் இருந்தவர்களில் பலர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகத் தமிழர்கள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. பிறகு அதுதான் டேன்டீ. கண்டி, நுவரெலியாப் பக்கம் கொழுந்து பறித்தவர்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் கொழுந்து பறித்தார்கள். சினிமாப் பாட்டுக் கேட்பதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். இலங்கை வானொலியின் கே.எஸ்.ராஜாவும் பி.எச்.அப்துல் ஹமீதும் இரண்டு நாட்டுக்கும் சேர்த்துப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

ஆக, பிரிட்டிஷ்காரர்கள் தங்களுக்காக மலைவாசஸ்தலம் உருவாக்கிக்கொண்ட மலையில், பிரிட்டிஷ்காரர்கள் ஒரு தீவுக்குக் கொண்டுபோன கூலிகளின் பேரப்பிள்ளைகள், பிரிட்டிஷ் பிள்ளைகளைப் பைத்தியமாக அடித்த அதே கருவியின் சத்தத்தைக் குழாய் ஸ்பீக்கரில் கேட்டார்கள். யாரும் அதை நியூ வேவ் என்று சொல்லவில்லை. ராஜா பாட்டு என்று சொன்னார்கள்.

பெட்டி கேட்ட விலை

இது வரைக்கும் இனிப்பான கதை. இனி கொஞ்சம் கசப்பு.

1982 மே மாதம், ஹியூமன் லீக்கும் டெப்பீச் மோடும் உச்சத்தில் இருந்தபோது, பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. சிந்தசைசர், டிரம் மெஷின் போன்ற எலக்ட்ரானிக் கருவிகளைத் தடை செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். காரணம் எளிமையானது. ஒரு பெட்டி இருபது வயலின் மாதிரி வாசித்தால், அந்த இருபது பேர் எங்கே போவார்கள்? தீர்மானம் சங்கத்தின் கொள்கையாகவில்லை. இளைஞர்கள் சிரித்தார்கள். இன்றுவரை நியூ வேவ் ரசிகர்கள் அதை ஒரு ஜோக்காகத்தான் சொல்வார்கள்.

கோடம்பாக்கத்தில் இருந்து பார்த்தால் அது ஜோக் இல்லை.

அந்தக் காலத்துப் பாட்டுப் பதிவு என்றால் ஒரு கல்யாணக் கூட்டம் மாதிரி. காலையில் ஐம்பது அறுபது பேர் வருவார்கள். நொட்டேஷன் எழுதி முடித்து ஒத்திகை பார்த்து எல்லோரும் ஒன்றாக வாசிப்பார்கள். ஒருவர் தப்பாக வாசித்தால் எல்லோரும் முதலிலிருந்து. அத்தனை குடும்பங்களும் கால்ஷீட் கணக்கில் வாழ்ந்தன.

1989-இல் திலீப் தன் வீட்டின் பின்பக்கம் பஞ்சதன் என்ற சொந்த ஸ்டூடியோவைக் கட்டினார். 1992 ஆகஸ்ட் 15-ஆம் தேதி 'ரோஜா' வெளிவந்தது. அதன் பெரும்பகுதி சத்தம் ஒரு அறைக்குள், ஒரு மனிதரால், ராத்திரியில், அடுக்கடுக்காகக் கட்டப்பட்டது. படத்தின் கதை காஷ்மீரில் நடக்கிறது. அங்கே நிலைமை சரியில்லாததால் காஷ்மீர்க் காட்சிகளைக் குன்னூர், ஊட்டி, மணாலி பக்கம் எடுத்தார்கள். நீலகிரி காஷ்மீராக நடித்தது. பெட்டி ஆர்கெஸ்ட்ராவாக நடித்தது. இரண்டையும் தமிழ்நாடு நம்பியது, கொண்டாடியது.

அதன் பிறகு மற்ற இசையமைப்பாளர்களும் கீபோர்டும் கம்ப்யூட்டருமாக மாறினார்கள். பெரிய கூடம் தேவையில்லை. ஐம்பது பேர் தேவையில்லை. ரஹ்மான் நவீனின் புல்லாங்குழல் மாதிரி தனித்திறமைகளை முன்னுக்குக் கொண்டுவந்தார் என்பது உண்மை. ஆனால் வயலின் வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்து வாசித்தவருக்குத் தனித்திறமை காட்டும் வாய்ப்பு இல்லை. அவருக்கு வந்துகொண்டிருந்த கால்ஷீட் குறைந்தது, பிறகு நின்றது. பிள்ளைகளுக்குக் கர்நாடக சங்கீத டியூஷன் எடுத்தும் கல்யாணக் கச்சேரிகளுக்கு வாசித்தும் காலத்தை ஓட்டியவர்கள் உண்டு.

இந்த மாதிரி ஒரு இழப்பு நீலகிரிக்குப் புதிதும் அல்ல. மலையின் பழைய இசைக்கலைஞர்கள் கோத்தர்கள். கொல்லு வேலையும் மண்பாண்டமும் இசையும் அவர்கள் தொழில். படகர் வீட்டுச் சாவுக்கும் தோடர் சடங்குக்கும் அவர்கள்தான் குழலும் பறையுமாக வாசித்தார்கள். 20-ஆம் நூற்றாண்டில் அந்த ஏற்பாடு கொஞ்சம் கொஞ்சமாக முறிந்து, மற்றவர்களுக்காக வாசிப்பது நின்றுபோனது. அதற்குக் காரணம் இயந்திரம் இல்லை, மாறிவந்த சமூகம். கோத்தர்கள் தங்கள் சொந்தத் திருவிழாக்களுக்கு இன்றும் வாசிக்கிறார்கள். வாசிப்பு சாகவில்லை, வாசித்தால் கிடைத்த கூலிதான் போனது.

லண்டன் சங்கத்துக்காரர்கள் இதில்தான் பாதி சரி, பாதி தப்பு. பெட்டி வந்தால் இசை செத்துவிடும் என்று நினைத்தது தப்பு. நியூ வேவும் 80-களின் தமிழ்ப் பாட்டும் அதற்குச் சாட்சி. பெட்டி வந்தால் ஆட்களுக்கு வேலை போகும் என்று பயந்தது நூற்றுக்கு நூறு சரி. ரசிகர்கள் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

அதே சமயம் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அப்பாவை இழந்த ஒன்பது வயதுப் பையனின் வீட்டில் அடுப்பு எரிந்தது வாடகைக்குப் போன கருவிகளால்தான். தவணையில் வாங்கிய மலிவுப் பெட்டி லிவர்பூல் பையன்களுக்குச் செய்ததை, வாடகைக் கருவிகள் இங்கே ஒரு குடும்பத்துக்குச் செய்தன. பலரின் சோற்றைப் பறித்த பெட்டிதான் ஒருவரைத் தூக்கியும் விட்டது. எந்தப் பக்கம் நிற்பது என்பது அவரவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பதைப் பொறுத்தது.

ஒரு நேரடி வாரிசு

நியூ வேவ் காலத்துப் பாட்டைத் தமிழர் ஒருவர் நேரடியாகக் கையில் எடுக்க இன்னும் கொஞ்ச காலம் ஆனது. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986-இல் அகதியாகத் திரும்ப லண்டன் வந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007-இல் 'கலா' ஆல்பத்தை வெளியிட்டார். அம்மாவின் பெயர் அது. சென்னையில் உறுமி மேளக்காரர்களை வைத்தும் அதற்காகப் பதிவு செய்தார். அதே ஆல்பத்தில் ஒரு பாட்டு நியூ ஆர்டரின் 1983-ஆம் வருடத்து 'ப்ளூ மண்டே'யின் மேல் கட்டப்பட்டது. 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற இன்னொரு பாட்டு, குடியேறிகளைப் பற்றி தி கிளாஷ் 1982-இல் போட்ட ஒரு பாட்டின் இசைத்துண்டின் மேல் கட்டப்பட்டது. அது அமெரிக்காவில் நான்காம் இடம் வரை போனது. உறுமியும் பிரிட்டிஷ் சிந்தசைசரும் ஒரே தட்டில்! நீலகிரியில் குழாய் ஸ்பீக்கரில் தற்செயலாக நடந்ததை அவர் தெரிந்தே செய்தார்.

கடைசியாக...

இன்று அந்தப் பெட்டிகள் எல்லாம் கைபேசிக்குள் வந்துவிட்டன. டிஎக்ஸ்7 சத்தம் வேண்டுமா, மினிமூக் சத்தம் வேண்டுமா, ஒரு ஆப் போதும். பிரிட்டிஷ் குழுக்களின் பெயர்கள் டி-ஷர்ட்டில் விற்கின்றன. அவர்களுடைய பழைய ஆல்பங்களுக்குப் புதுப் பதிப்புகள் வருகின்றன. யார் எந்தப் பாட்டில் எந்தக் கீபோர்டை வாசித்தார் என்பதுவரை ரசிகர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் அந்தப் பட்டியல் இல்லை. பட டைட்டிலில் 'இசை' என்று ஒரே ஒரு பெயர் வரும். கேசட் உறையில் பாடகர் பெயர் இருக்கும், பாடலாசிரியர் பெயர் இருக்கும். பனிக்குள் கேட்ட அந்தச் சத்தத்தை வாசித்தவர் பெயர் இருக்காது. விஜி மானுவேல் மாதிரி சிலரை மட்டும் ரசிகர்கள் தேடித் தெரிந்துகொண்டார்கள். வயலின் வரிசையில் இருந்தவர்கள் யார் என்று தெரிந்தவர்கள் ஸ்டூடியோவுக்கு வெளியே மிகக் குறைவு.

அடுத்த முறை குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும்போது, கேத்தி தாண்டும் சமயத்தில் 80-களின் பாட்டு ஒன்றைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். மெட்டை விட்டுவிடுங்கள், வரிகளை விட்டுவிடுங்கள், எல்லாவற்றுக்கும் பின்னால் நீளமாக நிற்கும் அந்தச் சத்தத்தை மட்டும் கேளுங்கள். முதலில் ஷெஃபீல்டு பையன்களின் தைரியம் கேட்கும். பிறகு அதற்கும் பின்னால், மெல்லிசாக, நாற்பது வயலின்கள் கேட்கும். அவை அப்போது இன்னும் வேலையில் இருந்தன.